கை வைத்தால் வைத்ததுதான்

எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில், சனிக்கிழமை காலை ஜன்னலோர மேசை காலியாகக் கிடந்தாலும் அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அது பொம்மைக் கார்க்காரர்களின் மேசை. ஆறு பேர். ஆறு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஆறு பேர் வீட்டிலும் கண்ணாடி அலமாரி உண்டு. அந்த அலமாரியை மட்டும் துடைக்க மாட்டோம் என்று ஐந்து மனைவிமாரும் ஒரு தாயாரும் சத்தியம் செய்திருக்கிறார்கள்.

இந்த ஆறு பேருக்குள் எழுதாத சட்டம் ஒன்றுண்டு. ஞாயிற்றுச் சந்தையில் பழைய சாமான்களைத் தரையில் பரப்பி விற்ற காலத்திலேயே வந்தது. ஒரு பொருளின் மேல் ஒருவன் உள்ளங்கையை வைத்துவிட்டால், அவனாக எடுக்கும் வரை அடுத்தவன் விலை கேட்கக் கூடாது. கிர்ச்சோ என்று ஒருவர், தகர ரயில் இன்ஜின் மேல் கை வைத்தபடியே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். டாக்டர் வந்து கையை எடுத்து விடுகிற வரைக்கும் ஒருவரும் விலை கேட்கவில்லை. எடுத்த பிறகும், "டாக்டர், உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசினார்கள்.

பிறகு சந்தை செத்தது. நல்ல சரக்கெல்லாம் வெளிநாட்டு ஏலங்களுக்குப் போய், போனுக்குள் புகுந்துகொண்டது. சட்டமும் கூடவே போனுக்குள் போனது. ஹாலந்திலோ ஜெர்மனியிலோ ஏலத்துக்கு வரும் கார் ஒன்று வேண்டுமென்றால், அதன் படத்தைப் போனில் திறந்து, மேசையில் வைத்து, மேலே உள்ளங்கையைப் பதித்து, "கை வெச்சாச்சு" என்று சொன்னால் போதும். மற்ற ஐந்து பேரும் அந்தக் காரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். இதனால் இந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் விலையேற்றிக்கொண்டு நாசமாகாமல் இருந்தார்கள். உலகத்தில் வேறெந்தச் சட்டமும் எங்கள் ஊரில் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. காரைப் படம் எடுக்கும்போது அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் எங்கள் நாட்டுப் பழைய இரண்டு ஸ்தொதிங்கி செம்புக்காசு ஒன்றை வைப்பார்கள், அதில் பொறித்த குதிரைக்காரன் தெரியும்படி. யூரோ வந்த பிறகு அந்தக் காசுக்கு ஒரு சூரியகாந்தி விதைகூடக் கிடைக்காது. ஆனாலும் ஆறு பேர் பையிலும் ஆளுக்கொன்று கிடக்கும்.

மெதோடி இந்த ஆறில் ஒருவன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கோட்டைத் தாண்டாதே, முந்தாதே, கண்ணாடியைப் பார் என்று முப்பது வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன். அவனுடைய உயிர்த் தோழன் ஹரலம்பி, எல்லோருக்கும் லம்போ. மாட்டு வைத்தியன். மனைவி இல்லை; தாயார் வேலிகா அம்மாளோடு நாலாவது மாடியில் குடியிருக்கிறான். அலமாரி துடைக்காத அந்த ஒரு தாயார் இவர்தான்.

வேலிகா அம்மாள் எங்கள் ஊர்ப் பொம்மைத் தொழிற்சாலையில் வண்ணம் அடித்தவர். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய அச்சுகளில் வார்த்த குட்டிக் கார்கள்; சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை. ஆனால் ஒரு தடவை, மே தினத்துக்கு முன்னால் வண்ணம் தீர்ந்துபோய், நகராட்சி சவ வண்டிக்கு வாங்கி வைத்திருந்த கத்தரிப்பூ நிறத்தைக் கடன் வாங்கி அடித்தோம் என்று அந்த அம்மாள் சொல்வார். அடித்ததெல்லாம் எல்லை தாண்டிப் போய்விட்டதாம். ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் ஒருவரும் நம்பவில்லை.

நம்பாதவர்களில் உரக்கச் சிரித்தவன் மெதோடி. அந்த அம்மாளுடைய எண்பதாவது பிறந்தநாளில், "கத்தரிப்பூ நிறத்துல காரா? அடுத்து எங்க ஊர்ச் சிங்கம் புல்லு தின்னுச்சுன்னு சொல்லுங்கம்மா" என்றான். வேலிகா அம்மாள் எழுந்தார். அவன் முன்னால் இருந்த, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாப் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் அப்படிச் சிரித்தவன் வீட்டு அலமாரியில், மஞ்சள் காருக்கும் வெள்ளைக் காருக்கும் நடுவே ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகவே இருந்தது. எதற்கு என்று அவன் மனைவி கேட்டாள். காற்றோட்டத்துக்கு என்றான்.

ஒரு சனிக்கிழமை விடிந்ததும் மெதோடி அதைப் பார்த்துவிட்டான். ஹாலந்து ஏலத் தளம் ஒன்றில், கத்தரிப்பூ நிறக் கார். சட்டப்படி போனை மேசையில் வைத்துக் கை வைத்திருக்க வேண்டும். வைக்கத்தான் போனான். ஆனால் அன்று காப்பி வர நேரமாயிற்று. காப்பி வந்து, எல்லோரும் ஒரு மடக்குக் குடித்து, கொஞ்சம் அமைதி விழுந்த பிறகு வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று காத்திருந்தான். அதற்குள் லம்போ ஓடி வந்தான். சட்டையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. உட்காரக்கூட இல்லை. போனை வைத்து மேலே கையை அறைந்தான்.

"கை வெச்சாச்சு. கத்தரிப்பூ. எங்கம்மா பொய் சொல்லல."

மெதோடியின் கை அப்போது தன் சட்டைப் பைக்குள் போனைப் பிடித்திருந்தது. பையிலேயே இருந்துவிட்டது. "சந்தோஷம்டா" என்றான். நிஜமாகவே அப்படித்தான் சொன்னான்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நியாயம் பிறந்தது. முதலில் பார்த்தவன் நான். தாமதித்தது காப்பிக் கடைக்காரி. அவள் தப்புக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? ஒரு முழு நாள் இந்த நியாயத்தை ஊட்டி வளர்த்தான். மெதோடியின் மனைவியுடைய சித்தப்பா மகன் ஹாலந்தில் துலிப் தோட்டத்தில் வேலை செய்கிறான். அவனுடைய விலாசத்தைக் கொடுத்து மெதோடி புதுக் கணக்கு ஒன்று திறந்தான். பெயர் கேட்டது. 'காற்றாலை' என்று வைத்தான். இனி ஏலம் கேட்கப் போவது மெதோடி அல்ல, காற்றாலை. காற்றாலை நம் மேசையில் உட்காருவதில்லை. எனவே நம் சட்டம் அதற்குச் செல்லாது.

ஏலம் முடிவது செவ்வாய்க்கிழமை மதியம். அந்த நேரத்தில் மெதோடி ரொட்டிக் கடை ருசால்காவுக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தான். விளையாட்டரங்கத்துக்கு முன்னால் உள்ள வட்டச் சாலைக்கு வந்ததும், "இந்த வட்டத்துலயே சுத்துங்க, நான் சொல்ற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனுக்குள் குனிந்தான்.

லம்போ ஒரு விலை சொன்னான். காற்றாலை அதற்கு மேல் சொன்னது. லம்போ கொஞ்சம் ஏற்றினான். காற்றாலை உடனே ஏறியது. ருசால்கா சுற்றினாள்.

"சார், அந்தப் போலீஸ்காரர் நம்மளையே பாக்கறாரு."

"பாக்கட்டும். வட்டத்துக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் முன்னுரிமை."

குளிர்கால டயர்களுக்கு என்று ஒதுக்கியிருந்த பணமும் போனது. கடைசியில் லம்போவிடமிருந்து பதில் வரவில்லை. திரையில் காற்றாலையை வாழ்த்தினார்கள். மெதோடி நிமிர்ந்து பார்த்தபோது ருசால்காவுக்கு முகம் பச்சையாகியிருந்தது. அந்தப் பெண்மணி இன்றைக்கு வட்டச் சாலையில் இந்த மாகாணத்திலேயே முதல் ஆள். நேர்ச் சாலையில்தான் கொஞ்சம் தடுமாறுவாள்.

அந்த வார சனிக்கிழமைதான் மெதோடிக்கு விஷயம் தெரிந்தது. ஏலம் முடிகிற நேரத்தில் லம்போ ரூசே சாலையில் ஒரு தொழுவத்தில் இருந்திருக்கிறான். கன்று குறுக்கே திரும்பிவிட்டது. வலது கை தோள் வரைக்கும் பசுவுக்குள். இடது கையால் ஏலம் கேட்டிருக்கிறான். கடைசி நிமிஷத்தில் கன்றின் கால் கைக்கு அகப்பட்டது. இரண்டு கையும் தேவைப்பட்டது. போனைக் கீழே போட்டான்.

"கன்னு பொழச்சுது. கார் போச்சு" என்றான் லம்போ. வேறு புலம்பல் இல்லை. மேசையில் மற்றவர்கள்தான் காற்றாலையைத் திட்டித் தீர்த்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் பெங்கோ, அந்த ஆளுக்கு இறக்கை உடையட்டும் என்று சபித்தார். தீயணைப்பு வண்டிகள் மட்டும் சேர்க்கும் பாதிரி இலாரியோன்கூட, சபிப்பது தன் தொழில் இல்லை என்றும், மற்றவர்கள் சபிப்பதைத் தடுப்பதும் தன் தொழில் இல்லை என்றும் சொன்னார். நீயும் ரெண்டு வார்த்தை சொல்லேன் என்பதுபோல் எல்லோரும் மெதோடியைப் பார்த்தார்கள். மெதோடியும் காற்றாலையைத் திட்டினான். நன்றாகவே திட்டினான். திட்டத் திட்ட, எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தன.

கார் வந்து சேர்ந்தது, துலிப் தோட்டத்துக்காரன் அனுப்பிய பாலாடைக்கட்டிப் பெட்டிக்குள் ஒளிந்து. அதை அலமாரியில் வைக்க முடியாது. மேசைக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். மனைவியிடம் காட்ட முடியாது. அவள் ருசால்காவிடம் ரொட்டி வாங்குகிறவள், ஊர்க்கதை முழுக்க அங்கேதான் பேசுவாள். வண்டியின் முதலுதவிப் பெட்டிக்குள், பஞ்சுக்கு நடுவே வைத்தான். பாடம் இல்லாத நேரங்களில் திறந்து பார்ப்பான். உலகத்திலேயே அபூர்வமான காரை வைத்திருந்தும் ஒரு ஜீவனிடம் சொல்ல முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படியிருக்கும் என்பது மெதோடிக்கு அந்த வாரம் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை லம்போ அவனைத் தனியாக அழைத்தான். மெதோடி சின்ன வயதில் ரோட்டர்டாம் துறைமுகத்தில் லாரி ஓட்டியவன். டச்சு மொழி கொஞ்சம் தெரியும்.

"அந்தக் காற்றாலைக்காரனுக்கு ஒரு கடுதாசி எழுதித் தாடா. தளத்துலயே அனுப்பலாமாம். எனக்குக் காரெல்லாம் வேணாம். அடிவயித்த ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

"அடிவயிறு எதுக்கு?"

அந்தச் சவ வண்டி வண்ணம் மரத்துக்கானது, உலோகத்தில் காயவே இல்லையாம். மேஸ்திரி அவசரப்படுத்தியதால் ஈரத்தோடேயே கொக்கியிலிருந்து கழற்றினார்களாம். கழற்றினவள் கட்டைவிரல் ஒவ்வொரு காரின் வயிற்றிலும் பதிந்திருக்குமாம். வேலிகா அம்மாளின் கட்டைவிரலில் தகரம் கிழித்த தழும்பு குறுக்கே ஓடுகிறது.

"கண்ணு மங்கிட்டு வருது அவங்களுக்கு. அதுக்குள்ள ஒரு தடவ பாத்துரட்டும்" என்றான் லம்போ.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மெதோடி மதிப்பிற்குரிய காற்றாலை அவர்களுக்கு எழுதினான். 'உங்கள் நல்ல மனதை நம்பி' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னான் லம்போ. அதையும் சேர்த்தான். வீட்டுக்குப் போய், காற்றாலையாக உட்கார்ந்து, அந்தக் கடிதத்தைப் படித்தான். முடியாது என்று ஒரு பதில் எழுதினான். சுருக்கமான, குளிர்ந்த பதில். எழுதியதைப் படித்தபோது, இந்தக் காற்றாலைக்காரன் மனுஷனா என்று அவனுக்கே கோபம் வந்தது. அழித்துவிட்டான்.

கடைசியில் படம் எடுக்க முடிவு செய்தான். முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தான். சாப்பாட்டு மேசை விரிப்பில் செர்ரிப் பழம் போட்டிருக்கும், அது ஊருக்கே தெரியும். எனவே வெள்ளைத் தாளை விரித்தான். ஜன்னல் திரையை மூடினான். தன் நிழல் விழாமல் விளக்கைத் திருப்பினான். மோதிரத்தைக் கூடக் கழற்றி வைத்தான். காரை மல்லாத்தினான். வயிற்றின் நடுவே, கத்தரிப்பூ நிறத்துக்குள், ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. அதைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேமராவை அழுத்தினான். அனுப்பியும் விட்டான்.

சனிக்கிழமை லம்போ போனைத் திறந்தான். ஐந்து தலைகள் எட்டிப் பார்க்க வந்தன. அவன் முதலில் தான் பார்க்க வேண்டும் என்று போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். சிரித்தான். பிறகு படத்தை ஓரமாக நகர்த்தினான். விரல் அங்கேயே நின்றது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் எழுந்து போய்விட்டது போல் இருந்தது.

போனை மேசையில் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்தான்.

"என்னய்யா, காட்டு" என்றார் பெங்கோ.

"யாருக்கும் காட்டாதேன்னு எழுதியிருக்கான் அந்த ஆளு."

காற்றாலை அப்படி எழுதவில்லை. என்ன எழுதியது என்பது மெதோடியை விட யாருக்குத் தெரியும்? அவன் கை தானாகப் பையைத் தடவியது. செம்புக்காசு அங்கே இல்லை. வீட்டில், வெள்ளைத் தாளின் மேல், குதிரைக்காரன் தெரியும்படி கிடக்கிறது. அளவு தெரியக் காருக்குப் பக்கத்தில் வைத்தது அவனே; படத்திலும் விழுந்திருக்கும். வைத்ததுகூட ஞாபகமில்லை, மூச்சு விட்டது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

லம்போ அவனைப் பார்க்கவில்லை. கடைக்காரியைக் கூப்பிட்டு, "மெதோடிக்கு இன்னொரு காப்பி" என்றான். காப்பி வந்தது. இந்தத் தடவை ஒரு நொடிகூடத் தாமதமில்லை. மெதோடி கோப்பையைத் தொடவில்லை. பேச்சு வேறு பக்கம் போயிற்று. மழை, தக்காளி நாற்று. லம்போவின் கை மட்டும் அங்கேயே இருந்தது. அந்தக் கைக்குக் கீழே யாரும் பார்க்கப் போவதில்லை; சட்டம் அப்படி. இன்னும் இருபது வருஷம் மெதோடி இந்த மேசையில் உட்காரலாம், ஒருவரும் எதுவும் சொல்லப் போவதில்லை. அதை நினைத்ததும் அவனுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது.

"கைய எடு, லம்போ."

"வேணாம், மெதோடி. வெச்சது வெச்சதுதான்."

"எடுடா."

லம்போ மெதோடியின் முகத்தைப் பார்த்தான். பிறகு எடுத்தான். நான்கு பேர் குனிந்து பார்த்தார்கள். மூன்று பேர் கண் செம்புக்காசில் நின்றது. பெங்கோவுக்கு மட்டும் எப்போதும் கொஞ்சம் தாமதமாக ஏறும்.

"ஹாலந்துல நம்ம பழைய காசு இன்னும் செல்லுதா?" என்றார்.

பாதிரி இலாரியோன் அவர் முழங்கையைத் தொட்டார். பெங்கோ மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு மெதோடியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரோ இறந்துவிட்ட மாதிரி இருந்தது.

மெதோடி வெளியே போய், முதலுதவிப் பெட்டியைத் திறந்து, காரைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தான். பஞ்சு ஒட்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் அந்தக் காரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த ஐந்து பேர். ஒருவரும் கை நீட்டவில்லை. மெதோடி பாதிரியைப் பார்த்தான்.

"என்னைப் பாக்காதப்பா" என்றார் அவர். "மன்னிப்பெல்லாம் கோயில்ல. இங்க நான் காப்பி குடிக்க வந்தவன்."

"உனக்குத்தான் இது" என்றான் மெதோடி, லம்போவிடம்.

"ஏலத்துல எடுத்தவன் நீ. நீயே வெச்சுக்க." லம்போ எழுந்து மேல்கோட்டை மாட்டினான். "எங்கம்மாகிட்ட ஒரு தடவ காட்டிட்டு எடுத்துட்டுப் போ. நான் வரல. ஒரு மாடு காத்துக்கிட்டிருக்கு."

நாலு மாடி. லிஃப்ட் ஓடவில்லை, அது ஓடிய காலம் யாருக்கும் நினைவில்லை. வேலிகா அம்மாள் கதவைத் திறந்து, வந்திருப்பது யார் என்று குரலை வைத்துக் கண்டுபிடித்து, "ஓ, சிங்கம் புல்லு தின்ன ஆளா. வா" என்றார். மெதோடி காரை அவர் உள்ளங்கையில் வைத்தான். அந்த அம்மாள் ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்தார். காரை மல்லாத்தினார். தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என் விரல் இல்ல."

மெதோடி எட்டிப் பார்த்தான்.

"என்கூட வண்ணம் அடிச்ச ஸ்தங்காவோடது" என்றார் வேலிகா அம்மாள், குரலில் தேன் வழிய. "தழும்பு எங்க இருக்கு, பாரு. விரலா இது, உலக்கை. காரெல்லாம் நான்தான் அழுக்காக்குனேன்னு சாகற வரைக்கும் ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சா. இப்ப வரட்டும் பேச."

அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. செத்துப்போன ஸ்தங்காவை இன்னும் கொஞ்சம் திட்டினார். பிறகு, "அந்த டச்சுக்காரன் எப்படிக் குடுத்து அனுப்பினான்? நல்ல மனுஷனோ?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"பின்ன?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நாலு மாடி ஏறி வந்தான். வாயைத் திறந்தான். "வெக்கப்படறான்" என்பது மட்டும்தான் வந்தது.

வேலிகா அம்மாள் இரண்டு கண்ணாடிக்கும் மேலாக அவனைப் பார்த்தார். கண் மங்கிவிட்டது என்று லம்போ சொன்னது எவ்வளவு நிஜம் என்று மெதோடிக்குச் சந்தேகம் வந்தது.

"படட்டும்" என்றார்.

காரை உள்ளங்கைக்குள் வைத்து விரல்களை மூடிக்கொண்டார். வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மெல்லிய குறட்டை கேட்டது. விரல்களுக்கு நடுவே கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. விரல்களில் பிடி இல்லை, குழந்தைகூட உருவிவிடும். மெதோடி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று மணிக்கு ருசால்காவுக்குப் பாடம் இருந்தது. அவன் அசையவில்லை. ஊரில் எங்கோ ருசால்கா காத்திருந்து, பிறகு போய்விட்டாள்.

சாயங்காலம் லம்போ வந்தான், மாட்டு வாசனையோடு. வாசலில் நின்று இருவரையும் பார்த்தான்.

"இன்னும் எடுத்துட்டுப் போகலியா?"

"கை வெச்சிருக்காங்க" என்றான் மெதோடி.

லம்போ அம்மாவின் கையைப் பார்த்தான். அடுக்களைக்குப் போனான். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிற்று. காலையில் அம்மா சுட்ட பனிட்சாவைச் சூடாக்கித் தட்டோடு திரும்பி வந்து, இருவருக்கும் நடுவே முக்காலியில் வைத்தான். ஆவி பறந்தது. லம்போ ஒரு துண்டை எடுத்துக்கொண்டான். தட்டை மெதோடி பக்கம் கொஞ்சம் நகர்த்தினான்.

மெதோடி இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.